பீஸ் போகும் செட்டு

மருதையன் மேடையில் நின்று வலது கையை ஓங்கி, "இந்தப் பண்ணை நம்மள என்னான்னு நெனச்சுக்கிட்டு..." என்று குரலை ஏற்றிய இடத்தில் செட்டு செத்துப்போனது. புளியமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கின. அதற்கப்புறம் மருதையனின் சொந்தக் குரல் மட்டும்தான். மைக்கில் சிங்கமாக இருந்தவர் மைக் இல்லாமல் வெறும் மருதையனாக நின்றார். முன்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகளில் யாரோ சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் குந்தியிருந்த இருதயசாமிக்கு உடம்பெல்லாம் ஊசி குத்தியது. ஆம்ப்ளிபயரின் முதுகிலிருந்து பீஸைத் திருகி எடுத்தான். சின்னக் கண்ணாடிக் குழலுக்குள் கம்பி அறுந்து, உட்புறம் கரி பூசியிருந்தது. சட்டைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டான். வால்வுகள் சிவந்தன, குழாய்கள் முனகின. மருதையன் "தோழர்களே" என்றார். அது வயல் தாண்டி வாய்க்கால் கரையில் போய் முட்டித் திரும்பியது. ஒரு சுருட்டைப் பற்றவைத்து முடிக்கிற நேரம் ஓடியிருக்கும். மறுபடியும் விக்கல்.

"எலே, பண்ணை வூட்டுக் காதுகுத்துல விடிய விடியப் பாடுன செட்டுதானே இது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அங்க கறிச்சோறு போட்டாங்க, பாடுச்சு. இங்க சிங்கிள் டீதானே!"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள்.

மருதையன் மேடையிலிருந்து குதித்து வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் அவர். நாற்பது வயசுக்கு மேலே. கருவேலங்கட்டை மாதிரி உடம்பு, கோபம் வந்தால் கண் இடுங்கிவிடும்.

"என்னப்பா இருதயம்?"

"பீஸ் தாங்கலண்ணே. வேற கைவசமில்ல."

"இல்லாட்டி என்னா? சிகரெட்டுப் பொட்டி வெள்ளித்தாளச் சுருட்டி உள்ள தள்ளு. காலனியில எல்லாம் அப்படித்தான் போட்டு எரிக்கிறானுவ."

"பீஸ் போகாட்டி டிரான்ஸ்பார்மர் போயிடும்ணே. அது எரிஞ்சா நான் எங்க போவேன்?"

"நெல்லு வயல்ல முளைச்சுக்கிட்டுக் கெடக்கு, பண்ணை எப்படா அசருவோம்னு பாத்துக்கிட்டு இருக்கான், ஒனக்கு ஒம் பொட்டி பெருசாப் போச்சா?" மருதையன் குரலைத் தாழ்த்தினார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "ஊரு என்னா பேசுதுன்னு ஒன் காதுல விழுந்துச்சுல்ல? வர்ற ஞாயித்துக்கிழம மாவட்டத்துத் தோழர் வர்றாரு. சுத்துப்பட்டு ஊரு ஜனமெல்லாம் வரும். அன்னைக்கும் இது வாயடச்சுதுன்னா நானே ஒன்னயத் தாங்கிப் பேச முடியாது. சொல்லிட்டேன்."

ஆச்சாம்படுகையில் குறுவை விளைந்து தலைசாய்ந்து நின்ற சமயம் அது. கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று காளியம்மன் தெருவும் மாதாகோயில் தெருவும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டன. அறுப்பு ஆட்கள் மட்டுமில்லை. சம்பா நடவுக்கு வயல்களில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கிறவர்கள், பண்ணையின் நெல் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், அவிக்கிறவர்கள், அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் பஞ்சநதம் பண்ணை லேசுப்பட்ட ஆளில்லை. போன தேர்தலுக்கு முந்தி வரைக்கும் கதர்த் துண்டு போட்டவர். ஆட்சி மாறியதும் துண்டின் கரை கறுப்பு சிவப்பாக மாறிவிட்டது. உழுகிறவனுக்கே நிலம் என்று எழுதிக்கொள்ளத் தன் மில் சுவரையே கொடுத்தவர். தாசில்தார் வந்து இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடத்தியபோது, பண்ணை வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துதான் நடத்தினார்.

பூதலூரில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர்கள் சங்கக் கூட்டம் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது இருதயசாமியின் கிடார் ஆம்ப்ளிபயர்தான். தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் சில வருஷம் கிடார் வாசித்தான் அவன். பாடகர் சிங்கப்பூர் போனதும் குழு கலைந்தது. கலைந்த சொத்தில் அவன் பங்குக்கு வந்தது இந்தப் பெட்டி. ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். திருச்சியில் ஒரு மெக்கானிக் கையாலேயே கட்டியது. கிடாரைச் செருகுகிற துளையில் மைக்கைச் செருகி, பின்னால் குழாய் ஸ்பீக்கரை மாட்டினால் அதுவே மைக் செட்டு. பூசை, தேர், கல்யாணம், எழவு எல்லாவற்றுக்கும் அதுதான். மற்ற நாட்களில் அவனும் எல்லோரையும் போல அறுப்புக்கும் நடவுக்கும் போவான். யாராவது கூப்பிட்டால் வயரிங் வேலை.

பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது விண்ணரசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள், அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். மாதாகோயில் தெருப் பொம்பளை ஆட்களுக்கு அவள்தான் கொத்துக்காரி. யார் எந்த வயலில் இறங்குவது, எத்தனை பேர் என்பதையெல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். வேலை நின்ற பிறகு அரிவாளைக் கூரையில் செருகிவிட்டாலும், அவளுக்குக் கையும் காலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"கஞ்சி ஊத்தட்டுமா?"

"வேணாம்."

"கஞ்சி மேல என்னா கோவம்? நண்டு இடிச்சு வச்சிருக்கேன்." நொய்க்கஞ்சியைச் சட்டியில் ஊற்றி, வயல் நண்டை மிளகாயோடு இடித்த துவையலை ஓரத்தில் வைத்தாள். "தின்னுட்டு அப்புறம் பொட்டியப் பாரு."

கோபம் இருந்தால் அவள் வாங்க போங்க என்றெல்லாம் பேச மாட்டாள். அவன் வாங்கிக் குடித்தான்.

வாசலில் கண்ணாத்தாள் வந்து நின்றாள். காளியம்மன் தெருக்காரி, விண்ணரசியின் நடவுக் கூட்டாளி. அவள் புருஷன் ரெத்தினம் பக்கத்து ஊரில் அறுப்புக்கு வந்த வெளியாட்களை மறிக்கப் போய், போலீசு அடித்ததில் முழங்கை மூட்டு நழுவி, தூளி கட்டிய கையோடு இருந்தான்.

"கொழுந்தனாரே, செட்டுக்கு என்னா நோவு? பேதியா?"

"ஆமா, நீதான் மருந்து கொண்டாந்திருக்கியே."

"எங்க வூட்டு ஆளு கை போயும் மேடைக்கு முன்னாடி வந்து குந்துது. அது கேக்குது, இவன் பண்ணைக்கிட்ட ஏதும் சொல்லி வச்சிருக்கானான்னு. நான் இல்லன்னேன். இல்லதானே?"

விண்ணரசி அகப்பையை ஓங்கிச் சட்டியில் வைத்தாள். "யக்கா, கேக்குறதுன்னா நேராக் கேளு. சிரிச்சுக்கிட்டே கேக்காத."

"நேராத்தான்டி கேட்டேன்."

"அப்ப நேராவே பதில் சொல்றேன். எம்புருசன் சோம்பேறி, வாய் செத்தவன், ஒரு காரியத்த ஒழுங்கா முடிக்கத் தெரியாதவன். காட்டிக் குடுக்குறவன் இல்ல."

கண்ணாத்தாள் போன பிறகு அவன் சொன்னான்: "நல்லாத் தாங்கிப் பேசுன."

"வேற எப்படிப் பேசுறதாம்? நாளைக்கு நாலு பொம்பளைங்கள எந்திரிங்கடின்னா எந்திரிக்கணும். இப்ப நான் தண்ணி தூக்கப் போனாலே கொழாயடியில பேச்சு நிக்கிது."

அடுத்த நாள் பகலெல்லாம் அவன் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வானம் மூடிக்கொண்டே வந்தது. புழுக்கத்தில் முதுகு வழிந்தது. முதலில் ஒரு பல்பை ஆம்ப்ளிபயருக்கு முன்னால் கோத்து, அதன் வழியாகக் கரண்டை விட்டான். உள்ளே எங்காவது கம்பி முட்டியிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். மங்கலாகத்தான் எரிந்தது. முட்டவில்லை. பெரிய வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்த்தான். கண்டன்சரை முகர்ந்து பார்த்தான். குடல் குடலாகத் தொங்குகிற கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடினான். பல்பு முன்னால் இருக்கிற வரைக்கும் பெட்டி நல்ல பிள்ளையாக இருந்தது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தால், கொஞ்ச நேரம் பாடிவிட்டு வால்வுத் தகடு கங்கு மாதிரி சிவந்து, பீஸைக் கடித்துத் துப்பியது.

நாள் போகப் போகக் காற்றில் ஒரு வாடை வந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் நனைந்து முளை விடுகிற வாடை. ஊருக்கெல்லாம் அந்த வாடை தெரியும். எவனுடைய வயலாக இருந்தாலும், அந்த வாடை மூக்கில் ஏறினால் கூலியாளுக்கும் கை அரிவாளைத் தேடும். தெருவில் யாரும் வீட்டில் நிற்கவில்லை. வாய்க்கால் மதகு வரைக்கும் போவதும், மேற்கே பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பூதலூருக்குப் போனான். ரயிலடிக்கு எதிரே ஜெக்கரியா பாயின் ரேடியோ கடை. அந்தப் பக்கத்தில் வால்வு செட்டு பார்ப்பதில் அவருக்கு மேலே ஆள் கிடையாது.

"வாங்க தம்பி. என்ன, பொட்டி பொணமாட்டம் வருது?"

"பீஸ் அடிக்கிது பாய். நூறு எடத்துல பாத்துட்டேன்."

ஜெக்கரியா பெட்டியைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, அரைமணி நேரம் தட்டினார், முடுக்கினார், ஊதினார். பிறகு நேராகக் கரண்டைக் கொடுத்து, மைக்குக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துவிட்டு, டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். டீ வந்தது, குடித்தார்கள். ஒரு பாசஞ்சர் வண்டி வந்து நின்று ஆள் இறக்கிப் போனது. பெட்டி பாடிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு ஒரு நோவும் இல்லயே தம்பி."

"இங்க இல்ல பாய். எங்க ஊர்ல இருக்கு."

"ஊருக்கு ஊரு மாறுறதுக்கு இதென்ன சளிக் காய்ச்சலா?" ஜெக்கரியா பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அங்கே ஒரு செப்பு ஆணியும் மூன்று துளைகளும் இருந்தன. 180, 210, 240 என்று மெக்கானிக் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார். ஊருக்குக் கரண்டு எந்த அளவில் வருகிறதோ, ஆணி அந்தத் துளையில் இருக்க வேண்டும். "நூத்தியெம்பதுல போட்டிருக்கீங்க."

"ஆமா பாய். மாதா தேருக்குப் போட்டது, ஆச்சு மூணு வருசம். சாயந்தரமானா எங்க ஊர்ல பல்பு வத்தல் மொளகா மாதிரி எரியும். மில்லு ஓடும், வயலெல்லாம் மோட்டாரு ஓடும். எரநூறுகூட வராது."

"அப்ப சரிதான். எடம் சரியாத்தான் இருக்கு." அவர் தலையைச் சொறிந்தார். "கரண்டு பத்தலன்னா சத்தம்தான் கொறையும், பீஸ் போவாதே..."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடவில்லை. கரண்டு பத்தவில்லை என்று மனு எழுதாத ஊர் அந்த ஜில்லாவில் கிடையாது. பட்டினி வீட்டில் போய் அஜீரணமா என்று யார் கேட்பார்கள்? ஜெக்கரியா காசு வாங்கவில்லை. ஒரு பொட்டலம் பீஸ் கொடுத்து, "வேளாங்கண்ணிக்கு நேந்துக்குங்க, இல்லாட்டி நாகூருக்கு. யாரு முந்துறாங்களோ பாப்போம்" என்று சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டணத்தில் பாடியது, நம்மூர் மேடையில் ஊமையாகிறது என்று போய்ச் சொன்னால், மருதையன் என்ன சொல்லுவார்? சொல்லவே வேண்டாம். சைக்கிளை மிதிக்க மிதிக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது. சங்கத்திலிருந்து தள்ளி வைத்தால் அறுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். வயலில் எதிரே வந்தால் வரப்பு மாறிப் போவார்கள். விண்ணரசியின் பேச்சுக்கு ஒருத்தியும் இறங்க மாட்டாள். தகப்பன் பண்ணையில் அடிபட்டு, கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, சங்கத்தில் பேர் எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்த முதுகு இது. ஒரு பொடிக் கண்ணாடிக் குழல் அதை முறித்துவிடும் போலிருந்தது.

சாலை முக்கில் இளையபெருமாளின் டீக்கடை. கூட்டத்துக்குக் கரண்டு கொடுப்பது அவர்தான். இவனைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இளையபெருமாள் மட்டும் கூப்பிட்டார்.

"இருதயம், ஒன் வேலையப் பாத்துட்டு எங்கடை வயரயும் ஒரு எட்டுப் பாரு. மாட்டுற பல்பெல்லாம் டப்பு டப்புன்னு போவுது. இவனுவ கடன் சொல்றது பத்தாதுன்னு பல்பு வேற."

"பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வந்துவிட்டான்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டபோது விண்ணரசி முறத்தில் நொய்யைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். அவன் பெட்டியைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஒண்ணு சொல்லவா?" என்றாள் அவள். "இந்த வாரமா இருட்டுனதுக்கு அப்புறமும் ஒக்காந்து கல்லு பொறுக்குறேன். முன்னயெல்லாம் சாயந்தரம் வெளக்குல அரிசி எது, எலிப் புழுக்க எதுன்னே தெரியாது. இப்ப என்னமா எரியுது பாரு, கல்யாண வூடு மாதிரி. ஸ்ட்ரைக்கு பண்ற வூட்டுக்கு அரசாங்கம் கரண்டு கூட்டி உடுதோ என்னமோ."

அவன் பல்பைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று எரிந்தது. கண்ணைக் கூசியது.

எழுந்து போய்ப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்தான். வயரிங் வேலைக்கு வைத்திருப்பது. இத்தனை நாளாக அதை எடுக்கத் தோன்றவில்லையே என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிளக்கில் கம்பியைச் செருகினான். முள் நூற்றெண்பதைத் தாண்டியது, இருநூற்றுப் பத்தைத் தாண்டியது, இருநூற்று நாற்பதையும் தாண்டி ஆடி நின்றது.

"ஏ புள்ள!"

"என்னா, சாக் அடிச்சிருச்சா?"

"மில்லு ஓடல. மோட்டாரு ஓடல. ஊருல கரண்டத் திங்கிறவன் ஒருத்தனும் இல்ல. அத்தனையும் நம்ம வூட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு. பூதலூர்ல எல்லாம் ஓடுது, அதான் பாய் கடையில பாடுச்சு. நான் பொட்டியப் பட்டினிக்குப் பழக்கி வச்சிருக்கேன். விருந்து சாப்பாட்ட அப்படியே திணிச்சா? அதான் வாந்தி எடுக்குது!"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நம்ம ஸ்ட்ரைக்குதான் ஒங்க பீஸ அடிச்சிருக்கு! பண்ணை இல்ல, நாமதான்! காதுகுத்துக்கு மில்லு ஓடிச்சு, அதான் பாடுச்சு. இதப் போயி அந்தக் கண்ணாத்தாகிட்ட எப்படிச் சொல்றது?" வெகுநாளைக்குப் பிறகு அவள் 'ங்க' போட்டுப் பேசினாள். அவன் ஆணியைப் பிடுங்கி 240 என்று எழுதிய துளையில் செருகினான். அடுப்படியில் பெட்டியைப் பாடவிட்டு இரண்டு பேரும் கஞ்சி குடித்தார்கள். அது பாட்டுக்குப் பாடியது. அவள் நடுநடுவே பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

"மில்லு ஓடுனா இது செவந்துடும்ல?"

"செவந்துடும். சத்தமும் படுத்துடும்."

"இத்தன நாளு மில்லுப் பக்கம் ஆளு வச்சுக் காவக் காத்தோம். ஒரு பல்பு போதும் போலிருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டீக்கடைக்கு எதிர்த்த களத்தில் ஜனம் அடைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சாரி சாரியாக வந்தார்கள். வானம் ஈயம் உருக்கி ஊற்றியது போல் தொங்கியது. மேற்கே மின்னல் வெட்டியது. மில் வாசலில் காலையிலிருந்து நின்ற போலீசு வேன் அங்கேயே நின்றது. மில்லைக் காவல் காத்த சங்கத்து ஆட்களும் தலைவர் பேச்சைக் கேட்கக் களத்துக்கு வந்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

மருதையன் பேசினார், பெட்டி அசையவில்லை. மாவட்டத்துத் தோழர் எழுந்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் உருண்டு வந்தது. பெட்டி அதையும் சுமந்தது. ரெத்தினம் தூளிக் கையோடு மேடைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கி நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விளக்கு வைக்கிற நேரம். தலைவர் நிலச் சீர்திருத்தச் சட்டம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று குரல் உள்ளே போனது. அறுந்துபோகவில்லை, கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியது. இருதயசாமியின் கண் தானாக டீக்கடைக் கம்பத்துக்குப் போனது. அங்கே தொங்கிய பல்பு வற்றல் மிளகாயாகச் சிவந்திருந்தது.

மில்லை ஓட்டிவிட்டார்கள்.

பின்பக்கமாக, ஆற்றோரமாக ஆள் கொண்டுவந்திருக்க வேண்டும். பேராவூரணிப் பக்கமிருந்து லாரியில் ஆள் வருகிறது என்று நேற்றே ஒரு பேச்சு இருந்தது. இங்கே இத்தனை ஜனம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அங்கே பண்ணையின் இருப்பு நெல் அரைபடுகிறது. மூட்டை லாரி ஏறினால் ஸ்ட்ரைக் செத்தது. இந்தக் களத்தில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

மருதையன் ஓடி வந்தார். "என்னடா, மறுபடியுமா?"

சொல்ல வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அத்தனை ஜனமும் மில்லுக்குப் பாயும். அங்கே வேன். ரெத்தினத்தின் கை கண்முன்னால் வந்தது. முதல் ஆளாக ஓடுவது விண்ணரசி. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு நிமிசம்."

சுவிட்சை அணைத்தான். கூட்டத்தில் "ஏ..." என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. ஆணியைப் பிடுங்கி 180-இல் செருகி, மறுபடி சுவிட்சைப் போட்டான். தலைவரின் குரல் முன்னைவிடப் பெரிதாக எழுந்து களத்தை நிரப்பியது. யாரோ கைதட்டினார்கள்.

மருதையன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "சபாஷ்டா தம்பி. நான்தான் ஒன்னயத் தப்பா நெனச்சுட்டேன். நீ நம்ம ஆளுடா."

எத்தனையோ நாளாகக் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டதும் வாயில் வேப்பெண்ணெய் விட்டது போலிருந்தது. குழாயின் இரைச்சலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மில் சத்தம் ஒரு பொட்டுக்கூடக் கேட்கவில்லை. அவன் பெட்டியே அதை மூடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். முன்வரிசையில் எல்லா முகமும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முகம் மட்டும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்ணரசி பல்பிலிருந்து கண்ணை இறக்கி அவனைப் பார்த்தாள். மில் இருக்கிற திசையில் மோவாயைத் தூக்கி, என்ன என்பது போல் கேட்டாள். அவன் குனிந்து, திருகத் தேவையில்லாத ஒரு குமிழைத் திருகினான்.

மறுபடி பார்த்தபோது அவள் எழுந்து நின்று, புடவைக் கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாளின் தோளில் தட்டி ஏதோ சொன்னாள். கண்ணாத்தாள் எழுந்தாள். இன்னும் நாலைந்து பேர். பொம்பளைகள் கும்பலாக எழுந்து இருட்டுப் பக்கம் போனால் எதற்கு என்று எவனும் கேட்பதில்லை. கூட்டம் கால் மடக்கி வழி விட்டது. அவர்கள் களத்தைத் தாண்டி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, மில்லுக்குப் போகிற வரப்பில் இறங்கினார்கள். விண்ணரசி திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாறு பொம்பளைகள். வேன் நிறைய லத்தி.

கூப்பிட்டால் கேட்காது. அவன் வாய்க்கு எட்டாத தூரத்தை அவன் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் விடிகிற வரைக்கும் அவன் நம்ம ஆள். இருதயசாமி கையை நீட்டினான். சுவிட்சை அணைத்தான்.

தலைவரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. களம் கொதித்தது. "பாரு, அணைச்சுட்டான்! கையால அணைச்சான், நான் பாத்தேன்!" "பண்ணைக்குப் பொறந்தவனே!" ஒரு செருப்பு வந்து பெட்டியில் விழுந்தது. மருதையன் பாய்ந்து அவன் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மறுகையை ஓங்கினார். "ஏன்டா? இப்பத்தானடா ஒன்னய..."

"கேளுங்கண்ணே" என்றான் இருதயசாமி.

"என்னத்தடா கேக்குறது?"

"என்னய இல்ல. சும்மா இருந்து கேளுங்க."

மருதையனின் மூச்சு இவன் முகத்தில் அடித்தது. மேடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் அடங்கினார்கள். அடங்கியது மெல்லப் பின்னால் பரவியது. அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து, ஈரக் காற்றில் ஏறி, அது வந்தது. பெல்ட் அடிக்கிற சத்தம். தட தட தடவென்று, ஒரே சீராக. ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு களம் முழுக்க.

மருதையனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

"எப்பலேருந்து?" என்றார்.

இருதயசாமி மில் பக்கம் கையை நீட்டினான். "எம் பொண்டாட்டி முன்னால போயிட்டாண்ணே" என்றான். வயர்களைத் தாண்டிக் குதித்தான். வரப்பைத் தேடவில்லை, நேராக வயலில் இறங்கினான். முளைவிட்ட கதிர் காலைச் சுற்றியது, சேறு முழங்கால் வரை வாங்கியது. மழையின் முதல் சொட்டுகள் கனமாக விழுந்தன. எட்டத்தில், மில்லின் மஞ்சள் வெளிச்சத்தில், புடவைகள் சின்னதாக அசைந்தன.

பின்னால் சேற்றில் கால்கள் விழுகிற சத்தம் கேட்டது. எத்தனை பேர் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.